எம்.ஆர்.ஐ. அறைப் பாதுகாப்பு வகுப்பு: 40 பேருக்கு ஒரு மணி நேரத்தில் என்ன சொல்வது?

மதுரை_ரேடியோ எழுதியது:

வணக்கம். மதுரைப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் ரேடியோகிராஃபராக இருக்கிறேன். 1.5 டெஸ்லா (காந்த வலிமையின் அளவு) எம்.ஆர்.ஐ., அதாவது காந்தத்தால் படம் எடுக்கும் மிஷின் ஒன்று, எக்ஸ்ரேயால் எடுக்கும் சி.டி. ஒன்று. வருகிற 20-ஆம் தேதி வார்டு ஊழியர்கள், தூய்மைப் பணியாளர்கள், செக்யூரிட்டி எல்லோருக்கும் பாதுகாப்பு வகுப்பு எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு மணி நேரம், 40 பேர். எதைச் சொல்வது, எதை விடுவது என்று கேட்கத்தான் இந்த இழை.

திடீரென்று வகுப்பு வந்ததற்குக் காரணம் போன மாதம் நடந்த கூத்து. காலை ஐந்தரை மணி. நைட் டூட்டி முடியும் நேரம். கன்சோலை (மிஷினை இயக்கும் கணினி) அணைத்துவிட்டு முகம் கழுவப் போனேன். காந்த அறைக் கதவைப் பூட்டாமல் போனது என் தப்பு, மறைக்கவில்லை. மாப் போடும் அக்கா வாளியோடு உள்ளே போய்விட்டார். சக்கரம் வைத்த வாளி, மேலே மாப்பைப் பிழிவதற்கு இரும்புப் பிடி. வாசல் ஓரம் துடைக்கும்வரை ஒன்றும் ஆகவில்லை. இரண்டு எட்டு உள்ளே வைத்ததும் வாளி தானாக நகர்ந்திருக்கிறது. யாரோ பின்னாலிருந்து தள்ளுகிறார்கள் என்று நினைத்து, கையை எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாராம். அப்படிக் கையை எடுத்ததால் விரல் தப்பியது. வாளி கேன்ட்ரியில் (நோயாளி உள்ளே போகும் மிஷின் கூடு) போய் அடித்தது. டேபிள் முழுக்க பினாயில் தண்ணீர்.

நான் ஓடி வந்தபோது சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தார். "மிஷின் ஆஃப்லதானே தம்பி இருந்துச்சு" என்றார்.

அப்புறம் பயிற்சிப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். ஆறு மாதத்துக்கு முன் நடந்த வகுப்பில் அந்த அக்காவின் கையெழுத்து இருக்கிறது. அன்று காட்டியது 52 ஸ்லைடு, அத்தனையும் ஆங்கிலம்.

---

நைட்_டூட்டி எழுதியது:

கதவைப் பூட்டாமல் போனதை ஒத்துக்கொண்டீர்களே, அதற்கே ஒரு கும்பிடு. எங்கள் ஊரில் இதே மாதிரி ஒன்று நடந்தபோது ரிப்போர்ட்டில் "பணியாளரின் கவனக்குறைவு" என்று எழுதி மூடினார்கள்.

"ஆஃப்லதானே இருந்துச்சு" என்கிற அந்த ஒரு வரிக்கே உங்கள் ஒரு மணி நேரத்தில் பாதியைக் கொடுங்கள். 2018 ஜனவரியில் மும்பை நாயர் மருத்துவமனையில் இறந்தவர் நோயாளி அல்ல, ஊழியரும் அல்ல. உறவினருக்கு ஸ்கேன் எடுக்கத் துணையாக வந்த 32 வயது ஆள். ஆக்சிஜன் சிலிண்டரை உள்ளே தூக்கிப் போனார். காந்தம் அவரையும் சேர்த்து இழுத்துவிட்டது. மிஷின் ஓடவில்லை, தைரியமாகக் கொண்டு போகலாம் என்று அங்கிருந்த ஊழியரே சொன்னதாகத்தான் குடும்பத்தார் புகார். மருத்துவர், வார்டு பாய் எல்லாம் கைதானார்கள்.

---

பயோமெட்_சேலம் எழுதியது:

நான் பயோமெடிக்கல் இன்ஜினியர். மேலே சொன்னது சரி. ஆனால் "காந்தம் எப்போதும் ஆன்" என்று சொன்னால் மட்டும் மண்டையில் ஏறாது. ஏன் என்று ஒரு வரியாவது சொல்ல வேண்டும்.

உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் திரவ ஹீலியத்தில், மைனஸ் 269 டிகிரிக் குளிரில் கிடக்கிறது. அந்தக் குளிரில் கம்பிக்கு மின்தடையே கிடையாது. ஒருமுறை மின்சாரத்தை ஏற்றிவிட்டால் அது சுற்றிக்கொண்டே இருக்கும். கரண்ட் போனாலும், ஜெனரேட்டர் ஓடாவிட்டாலும், கன்சோலை அணைத்தாலும் காந்தம் இருக்கும். தீபாவளிக்கு மூன்று நாள் சென்டரை மூடினாலும் இருக்கும். "டக் டக்" சத்தம் ஸ்கேன் எடுக்கும்போது மட்டும்தான். சத்தம் நின்றால் மிஷின் நின்றுவிட்டது என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். ஃபேன், மிக்ஸி, கிரைண்டர் எல்லாம் அப்படித்தானே? அவர்கள் மேல் தப்பில்லை.

இன்னொன்று, இழுவை ஒரே சீராக ஏறுவதில்லை. இப்போதைய மிஷின்களில் காந்தத்துக்கே கவசம் இருப்பதால் வெளியே புலம் வேகமாகக் குறைந்துவிடும். நல்லதுதான், ஆனால் ஒரு எட்டு தள்ளி நிற்கும்போது ஒன்றுமே தெரியாது. அடுத்த எட்டில் கையில் இருப்பது பறந்துவிடும். அந்த அக்காவுக்கு நடந்ததும் அதேதான். 1.5 டெஸ்லா என்றால் பூமியின் காந்தத்தைப்போல் ஏறக்குறைய 30,000 மடங்கு.

வாளியை எப்படி எடுத்தீர்கள்?

---

மதுரை_ரேடியோ எழுதியது:

சர்வீஸ் இன்ஜினியர் வரும்வரை யாரையும் தொட விடவில்லை. வந்து கயிறு கட்டி, நாலு பேர் பக்கவாட்டில் இழுத்து எடுத்தோம். கவர் உடைந்தது. அன்றைக்கு 11 நோயாளிகளைத் திருப்பி அனுப்பினோம். நிர்வாகத்துக்கு வகுப்பு ஞாபகம் வந்தது அந்த 11-ஐக் கேட்ட பிறகுதான் என்பது என் அபிப்பிராயம்.

---

செவிலி_தஞ்சை எழுதியது:

நர்ஸ் பக்கத்திலிருந்து ஒன்று. நீங்கள் எல்லோரும் மாப்பு, வாளி என்று பேசுகிறீர்கள். எனக்குப் பயம் அவசரம்தான். நோயாளிக்கு மூச்சு இறங்கிவிட்டால் எங்கள் கை தானாக சிலிண்டருக்குப் போகும். பத்து வருஷப் பழக்கம் அப்படி.

2001-இல் நியூயார்க் மாநிலத்தில் வல்ஹாலா என்கிற ஊரில் ஆறு வயதுப் பையன் இறந்தது இப்படித்தான். மயக்கம் கொடுத்து எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது அறைக்கான ஆக்சிஜன் வரவில்லை. ஆக்சிஜன் வேண்டும் என்று உள்ளேயிருந்து குரல். உதவ நினைத்து ஒரு சிலிண்டர் உள்ளே வந்தது. யாரும் கெட்டவர்கள் இல்லை, யாரும் சோம்பேறி இல்லை.

எனவே உங்கள் வகுப்பில் இதைச் சொல்லுங்கள்: உள்ளே நோயாளிக்கு என்ன ஆனாலும் எமர்ஜென்சி ட்ராலி உள்ளே போகக் கூடாது, நோயாளி வெளியே வர வேண்டும். டேபிளைக் கழற்றித் தள்ளிக்கொண்டோ, இரும்பில்லாத ஸ்ட்ரெச்சரில் மாற்றியோ வெளியே கொண்டு வந்து, கதவைச் சாத்திவிட்டு அங்கே வைத்தியம். நெஞ்சை அழுத்துவதை உள்ளேயே தொடங்கலாம், அதற்குக் கை போதும். டிஃபிப்ரிலேட்டர் (இதயத்துக்கு ஷாக் கொடுப்பது), லாரிங்கோஸ்கோப் (மூச்சுக்குழாய் போடத் தொண்டையைப் பார்ப்பது), சிலிண்டர் எல்லாம் வெளியேதான். இதை வாயால் சொன்னால் ஏறாது. ஒரு ஆளைப் படுக்க வைத்து, கடிகாரம் பார்த்து, நாலு தடவை தள்ளிப் பழக வேண்டும்.

---

கரிசல்_டாக்டர் எழுதியது:

வகுப்பு, வகுப்பு என்கிறீர்கள். மனிதன் மறப்பான். கதவுக்கு எண் பூட்டு, வாசலில் இரும்பைக் கண்டுபிடிக்கும் ஃபெரோ டிடெக்டர், அறைக்குள் குழாய் ஆக்சிஜன், அலுமினிய சிலிண்டர். இதற்குப் பணம் செலவழித்தால் 40 பேருக்கு வகுப்பே வேண்டாம்.

---

பயோமெட்_சேலம் எழுதியது:

டாக்டர், பூட்டும் குழாய் ஆக்சிஜனும் கட்டாயம் வேண்டும், சண்டையே இல்லை. அலுமினிய சிலிண்டரில்தான் எனக்கு ஒப்புதல் இல்லை. ஒரே கருப்பு உடம்பு, வெள்ளைத் தோள் பெயின்ட் அடித்து வந்தால் அலுமினியம் எது, இரும்பு எது என்று ராத்திரி இரண்டு மணிக்கு எவர் பார்ப்பார்? "எம்.ஆர்.ஐ.க்குள் சிலிண்டர் போகலாம்" என்ற பழக்கத்தை நாமே உண்டாக்குகிறோம். சிலிண்டர் அலுமினியமாக இருந்தாலும் அதன் வாயில் மாட்டும் ரெகுலேட்டர் இரும்பாக இருக்கலாம். நான் போன இடங்களில் சொல்வது ஒன்றே: எந்த சிலிண்டரும் அந்தக் கதவைத் தாண்டாது. விதிவிலக்கு வைத்தால் விதி செத்துவிடும்.

பூட்டைப் பற்றி: எண் பூட்டு போட்ட ஒரு சென்டரில் எண்ணைக் கதவு நிலைமேலேயே பென்சிலால் எழுதி வைத்திருந்தார்கள். நான் பொய் சொல்லவில்லை.

---

நைட்_டூட்டி எழுதியது:

> எண்ணைக் கதவு நிலைமேலேயே

எங்கள் இடத்தில் காலண்டருக்குப் பின்னால். கொஞ்சம் நாகரிகம்.

---

யாழ்_கதிர் எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். இங்கே வார்ட்டில் வேலை செய்கிறவர்களைச் சிற்றூழியர் என்போம். எங்களுக்கு இருக்கிற பிரச்சினை சுழற்சி. ஒருவருக்கு வடிவாக எல்லாம் விளங்கப்படுத்தி முடிக்கிறபோது அவரை வேறு விடுதிக்கு (வார்டுக்கு) மாற்றிவிடுவார்கள். புதிதாக வந்தவருக்கு ஒன்றும் தெரியாது, கேட்கவும் கூச்சம். அதனால் வருடத்துக்கு ஒரு பெரிய வகுப்பு என்பதைவிட, அந்தப் பகுதிக்கு முதல் நாள் வருகிறவருக்குப் பத்து நிமிடம் கதைத்துவிட்டுத்தான் உள்ளே விடுவது என்று வைத்துக்கொண்டால் நல்லது. கதவுக்கு வெளியே நிற்க வைத்துக் கதைப்பது. உள்ளே கூட்டிப் போய் அல்ல.

---

செவிலி_தஞ்சை எழுதியது:

யாழ்_கதிர் சொன்னது இங்கேயும் அப்படியே. எங்களுக்குச் சுழற்சிக்குப் பதிலாக ஒப்பந்த ஆள். மூன்று மாதத்தில் முகம் மாறிவிடும். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவர் யாரும் வேலையில் இல்லை, வேலையில் இருப்பவர் யாரும் கையெழுத்துப் போடவில்லை. தர ஆய்வுக்கு வருகிறவர் பதிவேட்டைத்தான் கேட்கிறார்.

---

ஊமத்தம்பூ எழுதியது:

நான் சி.டி.யில் இருக்கிறேன். ஒரு சந்தேகம், கிண்டல் பண்ணாதீர்கள். எங்களுக்கு டி.எல்.டி. பேட்ஜ் (உடம்பில் படும் கதிரை அளப்பது), ஆர்.எஸ்.ஓ. (கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி), ஏ.இ.ஆர்.பி. (அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்) லைசென்ஸ் எல்லாம் கறாராக இருக்கிறது. எம்.ஆர்.ஐ.க்கு அப்படி யார் கேட்கிறார்கள்?

---

மதுரை_ரேடியோ எழுதியது:

கிண்டலே இல்லை, இதுதான் முக்கியமான கேள்வி. ஏ.இ.ஆர்.பி. பார்ப்பது கதிர்வீச்சு. எக்ஸ்ரே, சி.டி., கேத் லேப் (எக்ஸ்ரே உதவியால் இதய ரத்தக்குழாயைப் பார்க்கும் அறை) எல்லாம் அதன் கீழ் வரும். ஐந்து வருட சராசரியில் வருடத்துக்கு 20 மில்லி சீவர்ட் (உடம்பில் படும் கதிரின் அளவு), எந்த ஒரு வருடத்திலும் 30-ஐத் தாண்டக் கூடாது என்று வரம்பு, பேட்ஜை அனுப்பிப் பார்க்கும் ஏற்பாடு, எல்லாம் உண்டு. எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே இல்லை, அதனால் அவர்கள் எல்லைக்குள் வராது. பயிற்சி கொடுப்பதும் கொடுக்காததும் அந்தந்த மருத்துவமனையின் மனசைப் பொறுத்தது.

இதனால் ஊழியர் மனதில் எல்லாம் தலைகீழாகப் பதிந்திருக்கிறது. சி.டி.யில் பொத்தானை அமுக்கும் அந்தச் சில நொடிதான் கதிர். அணைத்துவிட்டால் அது வெறும் தகரப் பெட்டி, மேலே படுத்துத் தூங்கலாம். எம்.ஆர்.ஐ. நேர் எதிர். ஆனால் எங்கள் ஆயாம்மா சி.டி. அறையைத் துடைக்கப் பயப்படுவார், எம்.ஆர்.ஐ.க்குள் வெற்றிலைப் பெட்டியோடு போவார். எல்லாக் கதவிலும் ஒரே மாதிரி "ஆபத்து" என்று எழுதினால் இதுதான் நடக்கும்.

---

கொங்கு_ஸ்கேன் எழுதியது:

கோயம்புத்தூர்க்காரன். நோயாளிக்கு 30 கேள்விப் படிவம் கொடுக்கிறோம், நம் ஊழியருக்கு யாராவது கேட்டோமா? எங்கள் புது வார்டு பாய் முன்னாடி லேத் பட்டறையில் எட்டு வருஷம் வேலை பார்த்தவர். பேச்சுவாக்கில் "கண்ணில் தூள் அடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கேன் சார்" என்றார். இரும்புத் தூள் கண்ணுக்குள்ளேயே தங்கியிருந்தால் காந்தத்தில் நகர்ந்து பார்வையைக் கெடுக்கும். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தோம், ஒன்றும் இல்லை. இந்த ஊரில் பட்டறை வேலை செய்யாதவர் குறைவு. பேஸ்மேக்கர், மூளை ரத்தக்குழாயில் போட்ட பழைய கிளிப், காதுக்குள் வைத்த காக்ளியர் கருவி எல்லாவற்றையும் வேலைக்குச் சேரும் அன்றே கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் நம்ம ஊர்ச் சாமான் பட்டியல் ஒன்று தனியாக வேண்டும். வெளிநாட்டுப் போஸ்டரில் கத்திரிக்கோல், வாட்ச், ஏ.டி.எம். கார்டு இருக்கும். நமக்குத் தாலிச் சரட்டில் கோத்த ஊக்கு! தங்கம் பறக்காது, அதில் தொங்கும் நாலு ஊக்கும் பறக்கும். கொண்டை ஊசி, இடுப்புச் சாவிக்கொத்து, தாயத்து (உள்ளே என்ன உலோகம் என்று கட்டிய சாமியாருக்குத்தான் தெரியும்), செக்யூரிட்டியின் பெல்ட் பக்கிள். நோயாளி பக்கம் பார்த்தால் சரிகைச் சேலை. ஸ்கேன் ஓடும்போது உலோக இழை சூடேறித் தோலைச் சுடும். கல்யாண வீட்டிலிருந்து நேராக வருகிறவர்களை மாற்றுடை போட வைப்பதற்குள் உயிர் போகிறது.

---

நைட்_டூட்டி எழுதியது:

மதுரைக்காரரே, ஒரு யோசனை. நூலில் ஜெம் கிளிப்பைக் கட்டி வாசலில் நின்று காட்டுங்கள். கிளிப் நூலை இழுத்துக்கொண்டு காற்றில் படுத்த மாதிரி நிற்கும். 52 ஸ்லைடு சொல்லாததை அது சொல்லிவிடும்.

---

பயோமெட்_சேலம் எழுதியது:

வேண்டாம் என்பேன். ஒரு இடத்தில் இப்படிக் காட்டினார்கள். அடுத்த வாரம் இரண்டு பையன்கள் பைக் சாவியைக் கயிற்றில் கட்டிக் கொண்டு வந்து ரீல்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பயம் வர வேண்டிய இடத்தில் வித்தை வந்துவிட்டது.

---

நைட்_டூட்டி எழுதியது:

சரி, அது நான் யோசிக்காதது. ஆனாலும் கண்ணால் பார்க்காமல் நம்ப மாட்டார்கள் என்பதில் மாறவில்லை.

---

கரிசல்_டாக்டர் எழுதியது:

என் முந்தைய பதிவு கொஞ்சம் அவசரம். 2025 ஜூலையில் நியூயார்க் வெஸ்ட்பரியில் நடந்ததை நினைத்துப் பார்த்தேன். உடற்பயிற்சிக்காகக் கழுத்தில் 9 கிலோ சங்கிலி மாட்டியிருந்த ஆள், ஸ்கேன் முடிந்த மனைவி எழுந்திருக்க உதவிக்குக் கூப்பிட்டார் என்று உள்ளே போய் இறந்தார். பணக்கார நாடு, சாதனத்துக்குக் குறைவில்லை. யாரை உள்ளே விடலாம் என்று தீர்மானிக்க வாசலில் ஒரு ஆள் வேண்டியிருக்கிறது, அந்த ஆளுக்கு டாக்டரையே "நில்லுங்க" என்று சொல்லும் அதிகாரம் வேண்டியிருக்கிறது. நானே போன மாதம் ஸ்டெதஸ்கோப்போடு நுழையப் பார்த்து, டெக்னீஷியன் பையன் மறித்ததும் கோபப்பட்டேன். அடுத்த நாள் அவனிடம் சொல்லிவிட்டேன், அவன் செய்தது சரி என்று.

---

பயோமெட்_சேலம் எழுதியது:

டாக்டர் இதைச் சொன்னது பெரிய விஷயம்.

கடைசியாக என் பங்கு, அந்தச் சிவப்புப் பட்டன்கள். பல இடங்களில் சுவரில் இரண்டு இருக்கும். ஒன்று கரண்டை நிறுத்துவது. அதை அமுக்கினால் விளக்கு, கணினி எல்லாம் போகும், காந்தம் போகாது. இன்னொன்று மூடி போட்ட க்வென்ச் பட்டன். அதுதான் காந்தத்தை அணைக்கும். ஹீலியம் முழுக்கக் கொதித்து வாயுவாகும். ஒரு லிட்டர் திரவம் ஏறத்தாழ 700 லிட்டர் வாயு. குழாய் வழியாக மொட்டை மாடிக்குப் போக வேண்டும். குழாய் அடைத்திருந்தால் அறைக்குள் நிரம்பி ஆக்சிஜனைத் தள்ளிவிடும், உள்பக்கம் திறக்கும் கதவாக இருந்தால் அழுத்தத்தில் திறக்கவே வராது. அமுக்கிய பிறகும் காந்தம் அடங்க ஒன்றிரண்டு நிமிடம் ஆகும்.

எப்போது அமுக்கலாம்? மனிதர் சிக்கி உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும். வாளிக்கு, வீல்சேருக்குக் கூடாது. மறுபடி ஹீலியம் நிரப்பப் பல லட்சம், மிஷின் நாள் கணக்கில் நிற்கும். ஆனால் ஆள் சிக்கினால் "மேனேஜரைக் கேட்கணும்" என்று நிற்கக் கூடாது, அதையும் எழுதிக் கொடுத்து வாங்குங்கள். 2014-இல் நவி மும்பை கார்கரில் ஒரு புற்றுநோய் மையத்தில் ஒரு வார்டு பாயும் டெக்னீஷியனும் சிலிண்டருக்கும் மிஷினுக்கும் நடுவே கிட்டத்தட்ட நாலு மணி நேரம் சிக்கிக் கிடந்தார்கள்.

உங்கள் க்வென்ச் குழாய் மாடியில் எங்கே திறக்கிறது என்று யாருக்காவது தெரியுமா?

---

மதுரை_ரேடியோ எழுதியது:

உண்மையைச் சொன்னால் எனக்கே தெரியாது. பார்த்துச் சொல்கிறேன்.

---

மதுரை_ரேடியோ எழுதியது:

வகுப்பு முடிந்தது. 40 பேரையும் ஒன்றாக உட்கார வைக்கவில்லை, பத்துப் பத்துப் பேராக நான்கு தடவை. ஸ்லைடு இல்லை. காந்த அறைக் கதவுக்கு வெளியே நிற்க வைத்தேன்.

முதலில் பேசியது நான் இல்லை. அந்த அக்காவைக் கேட்டுக்கொண்டேன், அவரும் சரி என்றார். "வாளி தானா போச்சுடி. பேய் புடிச்ச மாதிரி போச்சு" என்று தொடங்கினார். ஒருத்தரும் செல்போனைப் பார்க்கவில்லை. உடைந்த கவர் துண்டை வைத்திருந்தேன், அதைக் கை மாற்றிக் கொடுத்தோம். ஜெம் கிளிப் காட்டவில்லை, அதற்கு இந்தத் துண்டே போதுமாக இருந்தது.

பிறகு இரண்டே விஷயம். ஒன்று, இந்தக் கதவு சி.டி. கதவு மாதிரி இல்லை, கரண்ட் போனாலும் உள்ளே காந்தம் இருக்கும். இரண்டு, டெக்னீஷியன் கூடவே வராமல் யாரும் உள்ளே போகக் கூடாது, துடைப்பது உட்பட. தீ பிடித்தாலும் அப்படித்தான், சாதாரணத் தீயணைப்பு சிலிண்டரும் இரும்பு என்று செக்யூரிட்டிகளிடம் தனியாகச் சொன்னேன். தீயணைப்புத் துறையினர் வந்தாலும் வாசலில் நிறுத்திச் சொல்ல வேண்டியது செக்யூரிட்டிகள்தான். ஒவ்வொருவரையும் அவர்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லச் சொன்னேன். சொன்ன பிறகுதான் கையெழுத்து. மூன்று பேர் இரண்டாவது முறை வர வேண்டியிருந்தது.

நர்ஸ்களுக்கு செவிலி_தஞ்சை சொன்ன வெளியே கொண்டு வரும் பயிற்சி. முதல் தடவை 3 நிமிடம் 10 நொடி, ஏனென்றால் டேபிளின் பூட்டை எங்கே அமுக்குவது என்று டெக்னீஷியனைத் தவிர யாருக்கும் தெரியவில்லை. நாலாவது தடவை 50 நொடி.

ஒரு வார்டு அண்ணன் கேட்டார்: "வெள்ளி அரைஞாண் இருக்கே, அதுவும் இழுக்குமா?" வெள்ளியை இழுக்காது, ஆனால் கொக்கி எந்த உலோகம் என்று தெரியாது, கழற்றி வையுங்கள் என்றேன். முகம் சுருங்கியது. பிறந்ததிலிருந்து கழற்றியதே இல்லையாம். அவருக்கு உள்ளே போகாத வேலை கொடுத்திருக்கிறோம்.

அப்புறம் மாடிக்கு ஏறிப் பார்த்தேன். குழாய் வாயில் புறா வருகிறது என்று யாரோ சாக்கைச் சுற்றிக் கட்டியிருக்கிறார்கள். குழாயிலிருந்து தண்ணீர்த் தொட்டிக் கம்பிக்கு ஒரு கொடி. கொடியில் காய்ந்துகொண்டிருந்தது எங்கள் செக்யூரிட்டியின் யூனிஃபார்ம் சட்டை. அன்று காலை வகுப்பில் முன்னால் நின்று தலையாட்டியவர்.

---

பயோமெட்_சேலம் எழுதியது:

சாக்கை நீங்களே பிரிக்காதீர்கள், குழாய்க்குள் கூடு இருந்தால் இன்ஜினியர்தான் திறந்து பார்க்க வேண்டும். இன்றே போன் போடுங்கள். சட்டையை?

---

மதுரை_ரேடியோ எழுதியது:

போன் போட்டாச்சு, நாளைக் காலை பத்து மணிக்கு வருகிறார். சட்டையை செக்யூரிட்டியே வந்து எடுத்தார். கொடியை எங்கே கட்டுவது என்று என்னையே கேட்கிறார்.